மதில்மேல் மூன்று கோழிகள்

பஸ் பட்டறையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வெல்டிங் வைக்கும்போதுகூட முகமூடிக்குள் அவர் புலம்புவது வெளியே கேட்கும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போய் வீடு வந்தால், கொல்லையில் அடுத்த வேலை காத்திருக்கும். கோழிகளைக் கூண்டில் அடைக்க வேண்டும்.

கோழிகள் மகளுடையவை. துணிக்கடையில் வேலை பார்க்கும் அவள் மூன்று மாதம் முன்பு விடுதிக்குப் போய்விட்டாள். கடைக்குப் பக்கம் என்றாள். அம்மா தவறிப்போன பிறகு குஞ்சிலிருந்து வளர்த்த ஐந்து கோழிகளை அப்பாவிடம் விட்டுப் போனாள். போன் பேசினாலும் கோழிப் பேச்சுதான். அதில் இரண்டைப் பூனை கொண்டுபோனதை அவர் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். மிச்சமிருக்கும் மூன்றுமாவது இருந்தால்தான் அவள் முகத்தில் முழிக்க முடியும். அதுகளும் போய்விட்டால் அவள் இந்த வாசலை மிதிக்க என்ன காரணம் இருக்கிறது?

ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! பொழுது சாய்ந்தால் உலகத்துக் கோழியெல்லாம் கூடு தேடும். இதுகள் மதிலில் ஏறி உட்காரும். அரிசி தூவிப் பார்த்தார். கூண்டுக்குள் பல்பு மாட்டிப் பார்த்தார். பிடித்துத் திணித்தால் கதவை மோதிக் கத்தின. கத்தல் பொறுக்காமல் திறந்துவிட்ட அன்றுதான் இரண்டாவது கோழி போனது.

"மணி என்ன ஆச்சு? எங்க சுத்திட்டு வர்றீங்க? இது வீடா, சத்திரமா?" என்று வியாழக்கிழமையும் மதிலைப் பார்த்து ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டு நர்ஸ் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இதே பாட்டைப் போன வருஷம் தினமும் கேட்டிருக்கிறேனே, அப்போது கோழிக்கில்லையே, மகளுக்குத்தானே என்றாள். அவருக்குச் சுருக்கென்றது.

"கூண்டுக்குள்ள கைய விட்டுப் பாருங்கண்ணே. கடிக்கிற இடத்துக்கு யாரு வருவா?"

முழங்கை வரை விட்டார். எடுத்தபோது ஊசிமுனை அளவில் சிவப்புப் பூச்சிகள் கையெல்லாம் ஊர்ந்தன. கோழிப்பேன். பலகை இடுக்கெல்லாம் அப்பிக் கிடந்தது. வாயில்லா ஜீவன்களை இத்தனை நாள் வைதோமே என்று வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை லீவு போட்டார். கூண்டைப் பிரித்து, வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்து, பட்டறையிலிருந்து கேஸ் டார்ச் வாங்கிவந்து, மரம் கருகாமல் இடுக்கு இடுக்காக நெருப்பைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்தார். கோழிகளைப் பிடித்து இறகு விலக்கி மருந்துப் பொடி போட்டார். முதுகு ரெண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது. அந்திக்கு மதிலிலிருந்து ஒன்று இறங்கி எட்டிப் பார்த்தது. உள்ளே போனது. மற்ற இரண்டும் பின்னால் போயின. கதவைச் சாத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மகள் வந்ததும் நேரே கொல்லைக்குப் போய் எண்ணினாள். மூன்று.

"ரெண்ட பூனை தூக்கிடுச்சும்மா. கூண்டுல பேன் இருந்திருக்கு. அது தெரியாம நான் கோழியவே திட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் கூண்டருகே உட்கார்ந்தாள். ஒரு கோழியை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்கியது. கோழிகள் தானாக உள்ளே போயின. அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் ஒரு செருப்பை மாட்டினாள். இந்நேரத்துக்கு என்ன போக்கு என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வரட்டுமா?"

"அவ்வளவுதானாப்பா? வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லம்மா."

ஒரு காலில் செருப்போடு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"சாப்பிட என்னப்பா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.