நியூக்ளியஸும் ஈர விறகும்

மதுரையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த அக்கா அந்தக் கோடை விடுமுறைக்கு ஒரு பித்தளை மைக்ராஸ்கோப்போடு போடிக்கு வந்து இறங்கினாள். கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கியது. மாட்டுக் கழனித் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டு, வீட்டிலிருந்த எல்லோரையும் பார்க்க வைத்தாள். நான் பார்த்துவிட்டு இரண்டு நாள் தண்ணீர் குடிக்க மறுத்தேன்.

அப்பா போடிமெட்டுக்கு மேலே எங்கள் சின்ன ஏலத்தோட்டத்தில்தான் மாதத்தில் பாதி நாள் இருப்பார். அந்த முறை இறங்கி வந்தவர், ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஆத்தாடி, என்னா ஓட்டம் ஓடுது! இதுல யாரு ஆத்தா பெரிய ஆளு?"

"உடம்பு மொத்தமே ஒரே செல்லுதான்ப்பா. உள்ள உருண்டையாத் தெரியுதுல்ல, அது நியூக்ளியஸ். உத்தரவு எல்லாம் அங்கயிருந்துதான்."

"அப்ப நம்மள மாதிரின்னு சொல்லு" என்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

"மைட்டோகாண்ட்ரியான்னு இன்னொண்ணு இருக்கு. இந்தக் கண்ணாடியில தெரியாது. தின்னதத் தெம்பா மாத்திக் குடுக்கிறது அதுகதான்."

அடுப்படி வாசலில் நின்ற அம்மா, "அதுக சோலிய நிப்பாட்டிட்டா?" என்று கேட்டாள்.

"உத்தரவு போடக்கூடத் தெம்பு இருக்காதும்மா."

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னார். படித்தவரை போதும், பக்கத்து ஊர் சிலமலை மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில் நாள் கேட்கிறார்கள், அக்கா இனி மதுரைக்குப் போக வேண்டியதில்லை. இன்னும் ஒரே வருஷம்தான் பாக்கி என்று அக்கா அழுதாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் கட்டுச்சோறு இல்லாமல் யாரும் மலையேற மாட்டார்கள். வீட்டுச் சோறு கையில் இல்லாமல் ஏறினால் மலைக்காய்ச்சல் பிடிக்கும் என்று நம்பிக்கை. அப்பாவுக்கு அதில் ரொம்பவே நம்பிக்கை. மறுநாள் விடிந்ததும் தெருமுனையில் ஜீப்பு வந்து ஆரன் அடித்தது. கட்டுச்சோறு தயாராகவில்லை. அடுப்பே எரியவில்லை.

"வெறகு ஈரம். பத்த மாட்டேங்குது" என்றாள் அம்மா.

நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் கொட்டாங்குச்சியில் நெருப்பு வாங்கி வந்தேன். என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பெருமையாக இருந்தது. அம்மா அதை வாங்கி ஓரமாக வைத்தாள். கங்கு கண்ணெதிரே சாம்பலானது.

"வெரசா பண்ணு, ஜீப்பு நிக்கிது" என்றார் அப்பா.

"ஈர வெறக நான் என்ன செய்ய? அது மனசு வச்சாத்தான் எரியும்." அம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா அடுப்பைப் பார்த்தார், அழுது வீங்கிய முகத்தோடு மூலையில் கிடந்த அக்காவைப் பார்த்தார். ஜீப்பு பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

அக்கா பிற்பாடு விலங்கியல் பேராசிரியை ஆனாள். நியூக்ளியஸ் மட்டும்தான் ஆட்டி வைக்கிறது என்பது பழைய எண்ணம் என்று ஒருமுறை எனக்கு விளக்கினாள். ஈஸ்ட் மாதிரியான ஒற்றைச் செல் உயிர்களில் மைட்டோகாண்ட்ரியா முடங்கினால், அந்தச் சேதி நியூக்ளியஸுக்குப் போய், அது தன் உத்தரவுகளையே மாற்றிக்கொள்ளுமாம். சொல்லிவிட்டு அம்மாவின் படத்தைப் பார்த்தாள். அக்கா படித்து முடித்ததால்தான், அடுத்த பெண்ணான என் படிப்பை நிறுத்தும் பேச்சே வீட்டில் எழவில்லை. அம்மாவுக்கு நாங்கள் பட்ட கடனுக்கு வாயால் நன்றி சொன்னால் போதாது. அவள் இருந்தவரை அதைக்கூட நான் சொன்னதில்லை.

அன்றைக்கு நான் நன்றி சொன்னது அப்பாவுக்குத்தான். "சரி, ஆனி பொறக்கவும் நானே மதுரையில கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன். படிச்சு முடிக்கட்டும்" என்று அவர் சொன்னதும் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அம்மா எழுந்து தீப்பெட்டியை எடுத்தாள். ஒரே குச்சிதான் கிழித்தாள். அடுப்பு படபடவென்று பற்றிக்கொண்டது. விறகு அதற்குள் எப்படிக் காய்ந்தது என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.