சிமிட்டாத கண்கள்

ஆம்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். காலிக் கூடத்தில் மாலை போட்ட ஒரு கிழவியின் படம் மட்டும் மாட்டியிருந்தது. பென்சிலில் வரைந்தது. கீழே என் அப்பாவின் கையெழுத்து.

டேனரி வேலை முடிந்து வந்து அப்பா படம் வரைவார். விரல்களில் தோல் நாற்றமும் பென்சில் கரியும் கலந்திருக்கும். இறந்தபின் எடுத்த போட்டோவைத்தான் பலரும் கொண்டுவருவார்கள். "கண்ண மட்டும் தொறந்தாப்பல போடுங்கண்ணா" என்பார்கள். உடனே அப்பா என்னை ஜன்னலோரம் உட்கார வைப்பார். "சிமிட்டாம பாரும்மா." ஏழு வயது எனக்கு. கண்ணில் நீர் கோத்தாலும் சிமிட்ட மாட்டேன்.

"அந்தப் படத்த மட்டும் கழட்டாதீங்க. எங்கம்மா இந்த வீட்ட வுட்டு வரமாட்டாங்க" என்றார் வீட்டுக்காரர்.

நிமிர்ந்தேன். சுருக்கம் விழுந்த அந்த முகத்திலிருந்து என் ஏழு வயதுக் கண்கள் என்னைப் பார்த்தன. நான்தான் முதலில் சிமிட்டினேன்.