ஜெப ஷீலாவின் மேலுதடு

எம். ரெட்டியபட்டியில், முகத்தில் பூனைமுடிகூட இல்லாத பெண்கள்தான் முடி எடுக்க வழி சொல்ல முந்திக்கொள்வார்கள். ஜெப ஷீலாவுக்குப் பெரிய எரிச்சலே அதுதான். பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் அக்கா தன் வழவழப்பான கன்னத்தைத் தடவிக் காட்டி, சமைந்த நாளிலிருந்து கஸ்தூரி மஞ்சளைத் தவிர வேறெதையும் முகத்தில் வைத்ததில்லை என்பார். அந்த அக்காவின் அம்மாவுக்கும் முடி இல்லை, தங்கைக்கும் இல்லை. மஞ்சளையே தொடாத அவருடைய அண்ணனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. இதை எடுத்துச் சொன்னால் படித்த திமிர் என்றாகிவிடும். ஷீலா வாயை மூடிக்கொள்வாள்.

வாயை மூடிக்கொள்வது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மேலுதட்டில் இருந்தது ஒன்றும் பெரிய மீசை இல்லை. வெயிலில் நின்றால் தெரிகிற ஒரு கறுப்பு வரி, மோவாயின் இடப்பக்கம் நாலைந்து முரட்டு முடிகள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கரிசல் காட்டில் வெயிலில் நிற்காமல் எந்தக் காரியம் நடக்கும்? வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் சேர்ந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் டீச்சர் படம் போட்டு அதற்கு மீசையும் வைத்தார்கள். அன்றிலிருந்து கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டே பாடம் நடத்தினாள். பின் பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று பெற்றோர்கள் வந்து சொல்ல, அரைப் பரீட்சையோடு அவளை நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது, தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாதம், நரிக்குடிப் பக்கம் ஒரு மிஷன் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார் என்று தகவல் வந்தது. அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். தலைமையாசிரியை முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். சரியாக எடுத்தால் வேலை. இல்லையென்றால் நூல் மில்தான். அப்பா சாலமோன் பருத்தி கமிஷன் கடையில் லோடு ஏற்றுகிறவர். மகளைப் படிக்கவைத்ததற்காகச் சொந்தக்காரர்களிடம் எத்தனையோ பேச்சு வாங்கியவர். அவரே மில் சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அதைக் களைப்போடு அவளிடம் சொன்னதைத்தான் ஷீலாவால் தாங்க முடியவில்லை.

மாதிரி வகுப்புக்குப் பதினைந்து நாள் இருந்தது. கைக்குட்டை இல்லாமல் நிற்க வேண்டும், அதற்கு முடி போக வேண்டும். அவள் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

படித்த பெண் என்பதால் படித்த பெண் மாதிரியே தொடங்கினாள். ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எல்லாவற்றையும் முதலில் கையில் போட்டுப் பார்த்துவிட்டு, நல்லதை மட்டும் முகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று இடது முழங்கைக்குக் கீழே பேனாவால் கோடு கிழித்தாள். அம்மா களையெடுத்துவிட்டு வந்து அதைப் பார்த்தாள்.

“கையில என்னத்துக்குடி பாத்தி கட்டி வச்சிருக்க? கத்தரி நடப் போறியா?”

முதல் பாத்தியில் கடலைமாவும் பாலாடையும். காயவிட்டுத் தேய்த்தால் முடி உதிரும் என்று சொன்னவர் சபை உபதேசியார் வீட்டம்மா. தேய்த்தாள். தோல்தான் உரிந்து வந்தது. முடி முன்னைவிடப் பளபளப்பாக நின்றது. இரண்டாவதில் சீனிப்பாகு. எலுமிச்சம்பழம் பிழிந்து, கம்பிப் பதத்தில் இறக்கி, பழைய வேட்டித் துணியை ஒட்டி இழுக்க வேண்டும். கையில் அருமையாக வந்தது. சந்தோஷத்தில் அதே பாகை உதட்டுக்குக் கொண்டுபோனாள். சூடாக வைத்தால் சுட்டது. ஆறவைத்தால் மிட்டாயாகிவிட்டது. ஒருவழியாக இழுத்தபோது பாதி முடி வந்தது, கண்ணீர் முழுசாக வந்தது. மிச்சம் இருந்த பாகுக்கு எறும்பு வரிசை கட்டி வந்தது. ரேஷன் சீனி எங்கே போனது என்று அப்பா கேட்டபோது அவள் வேட்டித் துணியை அலசிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நூல். கல்லூரித் தோழி யுவராணி வீட்டில் தறி இருந்தது. அவள் பாவு நூலில் ஒரு முழம் அறுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, முறுக்கிய இடத்தை உதட்டில் ஓடவிட்டாள். பார்த்ததிலேயே இதுதான் சுத்தம். கண்ணாடியில் பார்த்தபோது ஷீலாவுக்குத் தன் முகமே யாருடையதோ போல இருந்தது. அழகாக இருக்கிறேனா, அல்லது யாரோ கேட்டதைக் கொடுத்துவிட்ட நிம்மதியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. இரண்டே நாளில் முடி இருந்த இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொப்புளம். அது வடிவதற்குள் முடியும் தலைகாட்டியது.

பிளேடு இருக்கவே இருந்தது. அப்பாவின் சவரப் பெட்டியை அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். பிளேடு பட்டால் ஆம்பிளை மீசையாக முளைக்குமாம். அப்படியெல்லாம் முளைக்காது, மழித்த முனை மொட்டையாக இருப்பதால் முரடாகத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று ஷீலாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பானைப் பக்கம் அவள் போகவில்லை. மூன்று வருஷப் படிப்பு ஒரு அரிசிப் பானையைத் தாண்ட முடியவில்லையே என்று தன்மேலேயே கடுப்பாக இருந்தது.

கொப்புளத்துக்கு மஞ்சள்தான் மருந்து என்று வெள்ளைத்தாய் அக்கா மறுபடி வந்தார். கொப்புளமும் ஆறும், முடியும் கொட்டும் என்றார். ஷீலாவின் வீட்டில் யாரும் முகத்துக்கு மஞ்சள் பூசுவதில்லை. பூசிக்கொண்டு ஆராதனைக்குப் போனால் உபதேசியார் வீட்டம்மா பாட்டுப் புத்தகத்துக்கு மேலாகப் பார்ப்பார். கஸ்தூரி மஞ்சள் நிறம் ஒட்டாது, யாருக்குத் தெரியப் போகிறது என்று அக்கா சத்தியம் செய்தார். கடைக்காரர் கொடுத்தது கஸ்தூரி மஞ்சளா, குழம்புக்குப் போடும் மஞ்சளா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மூன்று நாள் குப்பைமேனி இலையோடு அரைத்துப் போட்டாள். கொப்புளம் ஆறியது உண்மை. உதட்டைச் சுற்றி பழுத்த மாங்காய் மாதிரி மஞ்சள் ஏறி உட்கார்ந்துகொண்டது. முடி, மஞ்சள் பின்னணியில், இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனைக்குப் போகவில்லை. மறுநாள் காலை மாதிரி வகுப்பு. எல்லாரும் கோயிலுக்குப் போன பிறகு, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பேன்சி கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த முடி நீக்கும் பவுடரை எடுத்தாள். முகத்தில் போடக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சடித்திருந்தது. அதைப் படித்தாள். படித்துவிட்டுத் தண்ணீரில் குழைத்தாள். அழுகிய முட்டை நாற்றம் வீடு முழுவதும் எழுந்தது. பூசிக் கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தொடங்கியது. வழித்துக் கழுவியபோது முடி கையோடு வந்துவிட்டது. ஒன்றுவிடாமல் வந்துவிட்டது.

கண்ணாடியில் பார்த்தாள். மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் ரத்தச் சிவப்பு.

ரத்தம் இல்லை என்று புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். மஞ்சள் தடவிய தாளைக் காரத்தில் நனைத்தால் சிவக்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற சங்கதி. பவுடர் முழுக்கக் காரம். மஞ்சள் ஏறிய உதட்டில் அதை அப்பிய பட்டதாரி, அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான்.

சோப்புப் போட்டாள். ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, சோப்பிலும் காரம்தான், சிவப்பு இன்னும் ஏறியது. எலுமிச்சை வைத்தால் சிவப்பு மஞ்சளாகத் திரும்பும் என்று தெரியும். ஒரு சொட்டு வைத்தாள். வெந்த தோலில் பட்டதும் உயிர் போய் வந்தது. கடைசியில் மோரைத் தொட்டுத் தொட்டு வைத்ததில், ஒரு பக்கம் மஞ்சளும் ஒரு பக்கம் சிவப்புமாக நின்றது.

கோயிலிலிருந்து வந்த தங்கை ஆன்சி, அக்கா எதற்கு வெற்றிலை போட்டாள் என்று கேட்டாள். அம்மா அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “பேசாம மில்லுக்கே போயிரு தாயி. அங்க மொகத்த யாரு பாக்கா?” என்றாள்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அம்மா பாசத்தோடு சொன்னாள். ஷீலா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

காலையில் திருச்சுழி போய், அங்கிருந்து பஸ் மாறி, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடியே பள்ளிக்கூடத்தில் இறங்கினாள். தலைமையாசிரியை ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒல்லியான அம்மா. என்ன பாடம் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டார். நீர்ச் சுழற்சி என்று எழுதிக் கொடுத்தாள். அவர் ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, தொடங்கச் சொன்னார்.

ஷீலா தொடங்கினாள். கடல், ஆவி, மேகம். துணிக்குள்ளிருந்து வந்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து, கேட்கவில்லை என்று தலைமையாசிரியையின் குரல் வந்தது. கொஞ்சம் உரக்கச் சொன்னாள். மறுபடியும், கேட்கவில்லை. முதல் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டது, அந்தக் குரலில் இரக்கம் மட்டும்தான் இருந்தது:

“டீச்சர், ஒங்களுக்கு வாயில அடிபட்டிருச்சா?”

பதினைந்து நாள் பட்ட எரிச்சல் அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் வந்து முட்டியது. கடலைமாவு, சீனி, நூல், மோர். இதற்கு மேலும் எதை மறைக்க என்று அவளுக்கு அலுத்துப்போனது. கைக்குட்டையை எடுத்தாள்.

“அடியெல்லாம் படல. மீசை மாதிரி முடி இருந்துச்சு. மஞ்சள் போட்டேன், போகல. அப்புறம் ஒரு பவுடர் போட்டேன். ரெண்டும் சேந்து செவந்துருச்சு.”

சிரிப்பு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வந்தது. ஆனால் அது அடங்குவதற்குள் அந்தப் பிள்ளை, “எங்க வீட்ல ஆலாத்தி கரைக்கையில செவக்குமே, அது மாதிரியா டீச்சர்?” என்று கேட்டது.

அதேதான் என்றாள் ஷீலா. ஏன் சிவக்கிறது என்று திருப்பிக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. காட்டுகிறேன் என்றாள். சத்துணவு ஆயாவிடம் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு வாங்கி வரச் சொன்னாள். கைக்குட்டையில் மஞ்சள் ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பைத் தேய்த்தாள். சிவந்தது. இதை மறுபடி மஞ்சளாக்க என்ன வேண்டும் என்றாள். ஒருத்தன் சோப்பு என்றான், ஒருத்தி மண்ணெண்ணெய் என்றாள். புளிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று ஷீலா கேட்டதும், அதுவரை டவுசர் பைகளில் ஒளிந்திருந்த புளியங்காய்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. கசக்கித் தேய்த்ததும் சிவப்பு மறைந்தது. பிள்ளைகள் பெஞ்சைவிட்டு எழுந்து சுற்றிக்கொண்டார்கள். அமிலம், காரம் என்ற இரண்டு வார்த்தைகளையும் அவர்களே கத்தினார்கள். தன் குரல் அவ்வளவு பெரியது என்பது மணி அடித்த பிறகுதான் ஷீலாவுக்கு உறைத்தது.

அலுவலக அறையில் தலைமையாசிரியை கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீர்ச் சுழற்சின்னுதானே எழுதிக் குடுத்தீங்க?”

“ஆமா டீச்சர்.”

வேலை போயிற்று என்று ஷீலா நினைத்தாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க பெரியம்மா ஒரு வழி சொல்வாங்க. பச்சைப் பப்பாளிய நல்லா அரைச்சு…”

அவருடைய முகத்தில், பூனைமுடிகூட இல்லை. ஷீலா அதைப் பார்த்தாள். இந்த அம்மாவிடம்தான் வேலை இருக்கிறது, கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனால் என்ன என்று ஒரு மனம் சொன்னது. பப்பாளிக்கு எங்கே போவது என்று இன்னொரு மனம் அதற்குள் யோசிக்கவே தொடங்கிவிட்டது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“வேணாம் டீச்சர். இனிமே இதுல எதையும் வைக்க எடமில்ல. முடி வரும். அதோடதான் வந்து பாடம் எடுப்பேன். அது சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிருங்க, பஸ்ஸு போயிரும்.”

தலைமையாசிரியையின் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு மேசையில் இருந்த தாளை எடுத்து, நீர்ச் சுழற்சி என்ற வரியைப் பார்த்தார்.

“நாளைக்கு வாங்க. இந்தப் பாடம் அப்படியே கெடக்கு.”

திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆடிக் காற்று புழுதியோடு வந்து உதட்டில் அறைந்தது. எரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடி மறுபடி தெரிய ஆரம்பித்துவிடும், அந்த முதல் வரிசைப் பிள்ளை எழுந்து நின்று கேட்கத்தான் செய்யும். முடி ஏன் வருகிறது என்று கேட்டால் சொல்லிவிடலாம். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று, எம். ரெட்டியபட்டியில் இறங்கும்வரை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.