அடுப்பு பிரிக்கும் ராஜம் அக்கா

“வட்டம் போட்டா போகுது, பெருக்கல் போட்டா இருக்குது. சமஜ் கயே, வெளங்குச்சா பையா?” என்றபடி ஓர் இரும்பு பீரோவின் முதுகில் சாக்பீஸால் வட்டம் போடுகிறார் ராஜம் அக்கா. தமிழும் இந்தியும் கலந்த அந்த உத்தரவுக்கு, சுமை தூக்க வந்தவர்கள் ஒரே மாதிரி தலையாட்டுகிறார்கள். அவர்களுக்கு இது பழகிப்போன வேலை. போன முறை இதே அமைச்சகம் இரண்டாகப் பிரிந்தபோதும், அடுத்த வருடமே அசடு வழிய ஒன்று சேர்ந்தபோதும் இவர்கள்தான் பீரோ தூக்கினார்கள். அப்போதும் சாக்பீஸ் அக்கா கையில்தான் இருந்தது.

எந்த அமைச்சகம் என்று கேட்காதீர்கள். நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் அதன் பெயர் மாறினாலும் மாறிவிடும். தில்லியில் ஆட்சி மாறினால் புதிய அமைச்சர்கள் வரிசையாக நிற்கும் படம் செய்தித்தாளில் வரும். யாருக்கு எந்த அறை, எந்த மேசை, எந்த ஆள் என்று அதன் பிறகு உட்கார்ந்து பிரிக்கிறவர் படத்தில் வரமாட்டார். ‘பவன்’ என்று நாங்கள் சொல்லும் எங்கள் அலுவலகக் கட்டிடத்தில் அவர் நிர்வாகப் பிரிவின் செக்ஷன் ஆபீசர், ராஜம் ஜோதிலிங்கம். சொந்த ஊர் சங்கரன்கோவில். கட்டை குட்டையான உருவம். குளிர் வந்துவிட்டால் கைத்தறிப் புடவைக்கு மேல் கணவரின் பழைய ஸ்வெட்டர், புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் தாழ்வாரத்தில் அரட்டை தானாக அடங்கும்.

லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்குக் கீழ் வீடு அவருடையது. காலையில் ஒரே சார்ட்டர்ட் பஸ்ஸில்தான் போகிறோம். பஸ்ஸிலும் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். ஒருநாள், அதே பஸ்ஸில் வேறு அலுவலகத்துக்கு வரும் என் மனைவி விளையாட்டாக, “அமைச்சகம்னா என்னக்கா, துறைன்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?” என்று கேட்டுவிட்டாள். சஃப்தர்ஜங் மேம்பாலத்தில் தொடங்கிய பதில் பவன் வாசலில்தான் முடிந்தது.

“அமைச்சகம்ங்கது வீடு. துறைங்கது அடுப்பு. ஒரு வீட்ல ஒரு அடுப்பு எரியலாம், மூணு அடுப்பும் எரியலாம். அமைச்சர் வீட்டுக்குப் பெரியவுக. ஆனா அடுப்புக்குப் பொறுப்பு செயலாளர்தான். கொழம்பு காந்திப்போச்சுன்னா அவுகளத்தான் கேப்பாவ. இணைப்பு அலுவலகம்னு ஒண்ணு உண்டு, அது வீட்டோட மாப்பிள்ளை. சார்நிலை அலுவலகம் கட்டிக் குடுத்த பொண்ணு, எங்கியோ தூரத்துல இருக்கும், நல்லது பொல்லாததுக்கு லெட்டர் போடும். இந்தத் தன்னாட்சி நிறுவனம் இருக்கு பாத்தியா, அது தனிக்குடித்தனம் போன மூத்த பிள்ளை. பேச்செல்லாம் தனியாத்தான் பேசும். செலவுக்கு மட்டும் இங்ஙன வந்து நிக்கும்.”

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவே இல்லை. இந்திய அரசாங்கம் அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது.

பிரிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. காகிதத்தில் யாருடைய பெயரையும் எழுதமாட்டார். எந்த வேலை புதிய துறைக்குப் போகிறதோ அதைப் பார்க்கிற சீட்டும், அதாவது இருக்கையும், போகும். சீட் போனால் அதில் உட்கார்ந்திருக்கிறவரும் போகவேண்டும். சீட்டுக்கு எண் உண்டு, அந்த எண்ணை மட்டும் எழுதுவார். கெஞ்சிக்கொண்டு வருகிறவர்களுக்கு, “பேரு எழுதுனா கை நடுங்கும், நம்பர் எழுதுனா நடுங்காது” என்று ஒரே பதில். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே வந்துபோகும் ஒருவர், தூரத்துக் கட்டிடத்துக்குப் போக மாட்டேன் என்று கண் கலங்கியபோதும் இதே பதில்தான். டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் புத்தி வீட்டிலும் விடாது. மகன்கள் சின்னவர்களாக இருந்தபோது ஓர் அறைக்குச் சண்டை போட, அக்கா நடுவில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டார். கதவு மூத்தவன் பக்கம் போய்விட்டது. இளையவன் இரண்டு நாள் ஜன்னல் வழியாக ஏறி இறங்கியிருக்கிறான். அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டியபோது அக்கா அசரவில்லையாம். “கதவு பொதுச் சொத்து. அத எழுத விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.”

அக்கா எழுத விட்டது இதுவரை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கணவர் ஜோதிலிங்கம் அண்ணாச்சியும் இதே அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். அமைதியான மனிதர், சீட்டுக்கட்டைக் கையில் எடுக்கும் வரை. மதிய இடைவேளையில் பவன் முன்னாலிருக்கிற புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பாதி அரசாங்கம் சீட்டாடும். அண்ணாச்சி அதில் உட்கார்ந்தால் பசி, தாகம் எல்லாம் மறந்துபோகும். சர்க்கரை வியாதிக்காரர் வேறு. இரண்டு வருடத்துக்கு முன் ஜெயிக்கிற ஆட்டத்தின் நடுவில் அப்படியே புல்லில் சாய்ந்துவிட்டார். யாரோ கத்த, அக்கா ஓடிவந்து கேன்டீன் சர்க்கரையை அவர் வாயில் திணித்தார். அன்றிலிருந்து டிபன் கேரியர் அக்காவிடம்தான் இருக்கும். ஒரு மணிக்குச் சாவிக்கொத்துச் சத்தம் புல்வெளியில் கேட்கும். அண்ணாச்சி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவார். கடைசிக் கவளம் இறங்கும் வரை அக்கா நகரமாட்டார்.

இந்த வருடம் ஆட்சி மாறி, எங்கள் வீட்டில் மறுபடி இரண்டாவது அடுப்பு மூட்டினார்கள். புதிய துறைக்கு லோதி ரோடு பக்கம் ஒரு கட்டிடம். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. குடிதண்ணீர் பக்கத்துக் கட்டிடத்திலிருந்து வரவேண்டும். அதற்கும் நிர்வாகம் பார்க்க ஒரு செக்ஷன் ஆபீசர் வேண்டுமே? இணைச் செயலாளர் ராமமூர்த்தி முதலில் அக்காவைத்தான் கேட்டார். “பெரிய வீட்ட விட்டுட்டு நான் எதுக்கு சார் புதுக் குடித்தனம் போறேன்?” என்று அக்கா எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். வந்த வேகத்தில் தன் நாற்காலி முதுகில் முதல் ஆளாகப் பெருக்கல் குறியும் போட்டுக்கொண்டார். அந்தப் பதவி காலியாகவே கிடந்தது.

பிறகு ஒரே மூச்சில் உட்கார்ந்து சீட் எண்களைப் பிரித்தார். மேலே போய், கையெழுத்தாகி, உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: “ஏ ராஜம், என்னைய கட்டிக் குடுத்துட்டியே?”

அக்காவுக்குப் புரியவில்லை. “என்ன சொல்லுதிய?”

“மூணாம் சீட்டு புதுத் துறைக்குப் போகுதுன்னு உத்தரவு. இப்ப மூணாம் சீட்டுல நாந்தானே இருக்கேன்? தீபாவளிக்கு முன்னால சொன்னேனே, நீகூட முறுக்கு சுட்டுக்கிட்டே ம்ம் போட்டியே.”

நடந்தது இதுதான். அண்ணாச்சி பல வருடமாக ஒன்றாம் சீட்டில் இருந்தவர். பிரசவ விடுப்பு முடிந்து வந்த மாதுரி மூன்றாம் சீட்டின் வேலைச் சுமையில் திணறுவதைப் பார்த்து, “நான் அதப் பாத்துக்கிடுதேன், நீ என்னோட சீட்டுக்கு வா” என்று மாற்றிக்கொண்டிருக்கிறார். குழந்தை இதே பவனில், கீழ்த்தளக் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறது. அக்கா எண்ணை எழுதினார். எண்ணுக்குப் பின்னால் யார் என்று பார்ப்பதில்லை என்பதுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமைதான் காலை வாரிவிட்டது.

மறுநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே ராமமூர்த்தி சொன்னார். “இது ஒரு விஷயமே இல்லை மேடம். ரெண்டு வரியில திருத்தம் போட்டுடலாம். மூணுக்குப் பதிலா ஒண்ணு.”

“ஒண்ணாம் சீட்டுல யாரு சார்?”

“மாதுரி.”

“அவ புள்ளைய இங்ஙன விட்டுட்டு லோதி ரோட்டுல போய் உக்காரணுமா? எத்தன பேரு அழுதாவ, அவுகளுக்கெல்லாம் திருத்தம் போட்டேனா? இப்ப எம் புருசனுக்கு மட்டும் போட்டா, நாளைக்கு இந்தத் தாழ்வாரத்துல நான் எப்படி நடக்க?”

எனக்குக் கோபம்தான் வந்தது. விதி எல்லாம் சரி, மனுஷர் மயங்கி விழுந்தால் விதியா தூக்கும்? அவரிடம் அதைச் சொல்லும் தைரியம் எங்கள் பவனில் யாருக்கும் இல்லை.

திங்கட்கிழமை அண்ணாச்சி டிபன் கேரியரைத் தானே தூக்கிக்கொண்டு புதிய இடத்துக்குப் போனார். “கவலப்படாத, அங்ஙனயும் நல்ல புல்வெளி இருக்கு, சீட்டு ஜமாவும் இருக்கு” என்று அவர் ஆறுதல் சொன்னதுதான் அக்காவை இன்னும் கலக்கியது. புதன்கிழமை கேரியர் திறக்காமலே வீடு திரும்பியது. ஜெயிக்கிற ஆட்டமாம். வியாழன் காலை பஸ்ஸில் அக்கா யாரையும் இடம் மாற்றி உட்கார வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அவ்வளவு பெரிய மனுஷியை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

இன்று வெள்ளி. அண்ணாச்சி வெறுங்கையோடு போயிருக்கிறார். காலையில் அக்கா ராமமூர்த்தியின் அறைக்குள் போய், போன வேகத்திலேயே வெளியே வந்தார். பிறகு சாக்பீஸை எடுத்தவர்தான், நாங்கள் பழகிய பழைய ராஜம் அக்கா. “ஏ பையா, அந்தக் கண்ணாடிய சாச்சுப் பிடி!” “அந்தக் கூலர்ல பெருக்கல் போட்டிருக்குல்லா, அத ஏன் தூக்குத?” அவர் குரல் மூன்றாவது மாடிவரை கேட்கிறது. மாதுரி கைக்குழந்தையோடு வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறாள்.

வட்டம் போட்டதெல்லாம் டெம்போவில் ஏறியாயிற்று. “ஹோ கயா, மேடம்?” அவ்வளவுதானா என்று டிரைவர் கேட்கிறான்.

“ருக்கோ, பையா, கொஞ்சம் நில்லு.”

விறுவிறுவென்று தன் அறைக்குப் போகிறார். ஜன்னலோரம் உயர்ந்த முதுகுள்ள அந்த நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் இத்தனை வருடமாக அடுப்புகளைப் பிரித்தார், சேர்த்தார். அதன் முதுகில் பெருக்கல் குறி அப்படியே இருக்கிறது. முந்தானையால் அதை அழுத்தித் துடைக்கிறார். ஒரே இழுப்பில் வட்டம் போடுகிறார்.

“யே பீ, இதுவுந்தான். ஜல்தி, ஒரு மணிக்குள்ள அங்ஙன இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து டிபன் கேரியரை எடுத்து அந்த நாற்காலியில் வைக்கிறார்.