அகராதியில் கண்ட வெள்ளைத்துணி

தலைப்பிரசவத்துக்காகக் காரைக்குடியில் அம்மா வீட்டில் இருந்தேன். மகன் பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை. வெளியே போகக் கூடாது என்பதால், அப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பழைய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். அதில் ‘கிரிசம்’ என்றொரு சொல். முதலில் அது ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் போர்த்தும் வெள்ளைத்துணியாம். பிறகு, பிறந்து ஒரு மாதத்துக்குள் இறந்து, அதே துணியோடு புதைக்கப்படும் குழந்தைக்கும் அதுவே பெயராகிவிட்டதாம்.

இதற்கென்று ஒரு சொல்லா? பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று, என் மகனையும் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியில்தான் சுற்றியிருந்தார்கள். படித்தவள் செய்கிற காரியமா என்று யோசித்துக்கொண்டே, என் புதுச் சிவப்புச் சுங்குடிச் சேலையைக் கிழித்து அவனுக்குச் சுற்றினேன்.

சற்று நேரத்தில் அம்மா அலறினாள்.

“ஆத்தாடி, பிள்ளைக்கு ரத்தம்!”

அவன் தொடையெல்லாம் சிவப்பு. அம்மா தொட்டு, முகர்ந்து பார்த்தாள்.

“சாயம்டி, கூறுகெட்டவளே! பிள்ளை மோண்டிருக்கான். வேட்டித்துணி எங்குட்டு?”

“வெள்ளை வேணாம்மா.”

“ஏன், அந்தப் புத்தகத்துல போட்டிருக்காக்கும்?”

போட்டுத்தான் இருந்தது. அகராதியை மூடித் தள்ளிவைத்தேன். அம்மா அவனைக் கழுவி, வெள்ளையிலேயே சுற்றிக் கொடுத்தாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.