பந்துக்கு ஏது ராகுகாலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கெட ஆரம்பித்தது மாலை நான்கு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், அந்தக் கணத்தில் கல்லூரி மைதானத்தில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான்.

மூன்று மணிக்கு முன்பே வந்திருக்க வேண்டிய வேலூர்ப் பக்கத்துக் கல்லூரியின் வேன், வழியில் டயர் வெடித்து, அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்தது. நாலரைக்கு ராகுகாலம். வந்த பெண்கள் அதற்குள் இறங்கி உடை மாற்றிக்கொள்ளக்கூட முடியாது. இறுதி ஆட்டத்தின் முதல் பந்தைத் தூக்கிப்போட அழைக்கப்பட்டிருந்தவர் ஊரில் பெரிய பட்டுக்கடை ஒன்றின் முதலாளி. கோப்பை அவர் கொடுத்தது. வளையங்களுக்குப் பின்னால் இருந்த பலகைகளும் அவர் கொடுத்தவைதான். அவற்றில் கடையின் பெயர் வளையத்தைவிடப் பெரிதாக இருக்கும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, பிரின்சிபால் அறையில் மின்விசிறிக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் அத்தை கழுத்தில் விசிலோடு அவர் பின்னாலேயே போனாள்.

"பந்துக்கு ஏதுங்க ராகுகாலம்?" என்று கேட்டாள்.

அவர் சிறுபிள்ளை எதையோ கேட்டதுபோலச் சிரித்தார். பிரின்சிபால் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆட்டம் ஆறு மணிக்கு என்று முடிவானது.

அத்தை என் அப்பாவின் தங்கை. அந்த மகளிர் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்று தெரியாது. எங்கள் வீட்டில் அதை வேலை என்று யாரும் சொன்னதில்லை. உறவினர்கள் கேட்டால், "காலேஜ்ல இருக்குறா" என்று அப்பா பொதுப்படையாகச் சொல்வார். கேட்டவர்கள் லெக்சரர் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பா அதைத் திருத்த மாட்டார்.

அன்று அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முப்பதை நெருங்கியவளுக்கு இதற்குமேல் எங்கே தேடுவது என்று அப்பா அலைந்து கொண்டுவந்த இடம். ராகுகாலம் கழித்து, ஆறு மணிக்கு வருகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அத்தையின் கணக்குப்படி மூன்று மணிக்கு ஆட்டம், நாலரைக்கு முடிவு, அதன் பிறகு பெண்களை வீடு சேர்த்துவிட்டு, குளித்து, புடவை கட்டி, ஆறு மணிக்குத் தட்டோடு நிற்க வேண்டியது. அவள் நேரத்துக்குத் திரும்புகிறாளா என்று பார்த்துக்கொள்ள ஒன்பது வயதான என்னைக் காவலுக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல நேரம் பார்க்கும் ஊரில் எல்லாருக்கும் நல்ல நேரம் ஒன்றாகவே வந்து சேரும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் என் மகள், கையில் கிடைத்த சென்னைக் கம்பெனி வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூடைப்பந்துப் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த பிறகுதான் எங்களிடம் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் செய்தி கேட்டு போன் செய்கிற ஒவ்வொருவரும், அதெல்லாம் ஒரு வேலையா என்று என்னிடம் கேட்கும்போது, பயத்தையும் மீறி ஒரு கோபம் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

அத்தை பிரின்சிபால் அறையிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தாள். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. ஆட்டமே ஆறு மணிக்குத்தான், வருகிறவர்களை எட்டு மணிக்கு வரச்சொல்லுங்கள் என்று தெளிவாகத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்ட பக்கத்து வீட்டம்மாள், மங்கள காரியம் நடக்கப்போகும் வீட்டில் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று தயங்கி, "பொண்ணு கெளம்பிக்கினே இருக்குதாம்" என்று சொல்லியிருக்கிறார்.

ஆறு மணிக்கு முதலாளி வெளியே வந்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பந்தைத் தூக்கிப்போட்டார். அதே நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் கார் வந்து நின்றிருக்கிறது.

முதல் பாதி முடிவதற்குள் அப்பா டிவிஎஸ் ஃபிப்டியில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் விபூதி. நேராக ஆடுகளத்துக்குள் நடந்து அத்தையிடம் வந்தார். அவர் கால் கோட்டுக்கு உள்ளே இருந்தது. பந்து அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"கோட்டுக்கு வெளிய நில்லுண்ணா" என்றாள் அத்தை, கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல்.

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்றார். வீட்டில் அவரை யாரும் அப்படி நகர்த்தி நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அவங்க வந்து உக்காந்துக்கினு இருக்காங்க. வாம்மா. பொண்ணப் பாக்காம கை நனைக்க மாட்டோம்னு ஒரு காபி கூட தொடல."

"ஆட்டம் முடியல."

"இன்னா பெரிய ஆட்டம்? அந்த பிரின்சிபாலம்மா பாத்துக்க மாட்டாங்களா?"

அத்தை அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அணியில் பாதிப் பேர் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துப் பெண்கள். அத்தை ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, தறியை நிறுத்தாமலே பதில் சொன்ன அப்பாக்களிடம் நின்று பேசி, அவர்களைக் கூட்டிவந்திருந்தாள். கால் தெரிகிற உடையா, யார் பார்ப்பார்கள், இருட்டினால் யார் கொண்டுவந்து விடுவார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அவள் கொடுத்த ஒரே உறுதி, முதல் விசிலிலிருந்து வீட்டு வாசல்வரை நான் கூடவே இருப்பேன் என்பதுதான். அதை நம்பித்தான் அந்தக் கல்லூரியில் ஓர் அணியே இருந்தது.

"இதுங்க அப்பனுங்க என்ன நம்பித்தான் அனுப்பிச்சிருக்காங்க, பிரின்சிபாலம்மாவ நம்பி இல்ல. இன்னைக்கு நடுவுல வுட்டுட்டு வந்தா நாளைக்கு ஒரு பொண்ணு வராது. அப்புறம் நான் யாருக்குண்ணா கோச்?"

"உனக்குன்னு ஒரு வூடு வேணாமா?"

"வேணும்தான். என்ன இங்க வந்து பாக்கச் சொல்லு. நல்லாத்தான் இருக்கறேன்."

வியர்வையில் நனைந்த சுடிதார், புழுதி ஏறிய கான்வாஸ் ஷூ. அப்பா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். என்னைக் கூப்பிட மறந்துவிட்டார். எனக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டாவது பாதியில் இருட்டிவிட்டது. பகலில் முடியவேண்டிய ஆட்டம் என்பதால் விளக்குக்கு ஏற்பாடு இல்லை. கம்பத்தில் இருந்த ஒற்றை விளக்கு வளையம்வரை எட்டவில்லை. நடுவர் நிறுத்திவிடலாமா என்றார். அத்தை நேராக முதலாளியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நேரம் பாத்தது நீங்க. வெளிச்சமும் நீங்கதான் குடுக்கணும். கார் லைட்ட போடச் சொல்லுங்க."

பிரின்சிபால் அம்மாவின் முகம் வெளுத்தது. முதலாளி டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார். கார் ஆடுகளத்தின் ஓரத்துக்கு வந்து விளக்கைப் போட்டது. பெண்களின் நிழல்கள் சுற்றுச்சுவர்வரை நீண்டு ஓடின. நான் அதுவரை பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான்.

தோற்றோம். கடைசி நொடியில் எங்கள் அணியிலேயே உயரமான பெண் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. உள்ளே போயிருந்தால் சமம். விளக்கில் கண் கூசியது என்று அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அத்தை பந்தை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள்.

"கூசிச்சுன்னா கூசுற வெளிச்சத்துல எறிஞ்சு பழகுவோம். காலைல ஆறு மணி. லேட் பண்ணாத."

கோப்பை வேனில் ஏறி வேலூர்ப் பக்கம் போனது. காரும் போய்விட்டது. அத்தை கம்பத்தடியில் பெண்களோடு உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டுக்குள் ஓர் ஆட்டோ திரும்பியது.

அப்பா என்று நினைத்து அத்தை எழுந்து நின்றாள். இறங்கியது அம்மா. கடைத்தெருவுக்குக்கூட அப்பாவோடுதான் போகிற அம்மா, தனியாக வந்திருந்தாள். விருந்தாளிகளுக்காகக் கட்டிய பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்டோவிலிருந்து கேசரி அண்டாவையும் வாழையிலை மூடிய பஜ்ஜிக் கூடையையும் இறக்கினாள். நான்தான் முதலில் ஓடினேன். இலையை விலக்கிப் பார்த்தேன். ஒரு பஜ்ஜியைக்கூட யாரும் எடுத்திருக்கவில்லை. அத்தனையும் நமக்குத்தானா என்று கேட்டேன். அது எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய அவமானத்தின் மிச்சம் என்று எனக்குத் தெரியாது. அந்த இடம் அன்றோடு முடிந்துபோனதும், அதன் பிறகு அத்தைக்கு வேறு இடமே வராமல் போனதும், முப்பது வருடம் அவள் அந்த மைதானத்திலேயே விசிலோடு நின்றதும் எல்லாம் பின்னால் நடந்தவை.

"போய்ட்டாங்களா அண்ணி?" என்று அத்தை கேட்டாள்.

அம்மா தலையசைத்தாள். யார் ஜெயித்தது என்று கேட்டாள். தோத்துட்டோம் என்றாள் அத்தை. அம்மா கேசரியை இலையில் வைத்து அவள் கையில் கொடுத்தாள். அத்தை அதை வாயில் வைக்காமல் திடீரென்று அழ ஆரம்பித்தாள். ஆட்டத்தில் தோற்றதற்குத்தான் அழுகிறாள் என்று நான் நினைத்தேன். காலையில் ஆறு மணிக்குப் பழகப்போகிறார்களே, எதற்கு அழவேண்டும் என்றும் நினைத்தேன்.

அம்மா அந்த உயரமான பெண்ணுக்கு அடுத்த இலையை நீட்டிக்கொண்டே, அத்தையைப் பார்க்காமல் சொன்னாள்:

"எங்க எடுத்துக்கினு போறேன்னு உங்க அண்ணன் கேட்டாரு. பொண்ணு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."