மீசை முடியில் சேருமா?

ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை, விடிகாலை ஐந்தே முக்கால் மணி, விட்டு விட்டுத் தூறல். தேன்மெழுகு உருகும் வாசனையில்தான் எனக்கு விழிப்பு வந்தது. நைனா, என் அப்பா, சுவர் ஆணியில் தொங்கிய சின்னக் கண்ணாடியின் எதிரே நின்றிருந்தார். தீக்குச்சியைக் கிழித்து, தகர மூடியில் கிடந்த மெழுகுத் துணுக்குக்குச் சூடு காட்டி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மீசையின் நுனியைப் பிடித்து மேல்நோக்கி முறுக்கினார். வலப்பக்கம் ஏழு முறுக்கு, இடப்பக்கம் ஏழு முறுக்கு. எனக்கு அப்போது எட்டு வயது. எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் மனம் பதறுகிற சுபாவம் அன்றைக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்று அவர் முறுக்கி முடித்த பிறகும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா, "போதும் வாய்யா, யாருக்குக் காட்டப் போற?" என்றாள். அன்று நாங்கள் திருமலைக்கு முடி கொடுக்கப் போகிற நாள்.

நைனா நகரியிலிருந்து திருப்பதிக்கு ஓடிய ஒரு தனியார் பேருந்தின் டிரைவர். தமிழ் பேசுகிறவர்கள் அவரை "மீச டிரைவர்" என்பார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் "மீசாலாயன" என்பார்கள். அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. வண்டியின் முகப்பில் இரும்புக் கைப்பிடியைச் செருகி ஒரே சுழற்றில் எஞ்சினை உறுமவைப்பார். கண்டக்டர் முனிரத்தினத்துக்கு அதுவே நான்கு சுழற்றாகும், நான்காவதில் கைப்பிடி திருப்பி அடித்து அவர் ஒருமுறை மணிக்கட்டைப் பிசகிக்கொண்டதும் உண்டு. எதிர்க்காற்றில் இரண்டு கைகளையும் கூண்டாக்கி ஒரே குச்சியில் பீடி பற்றவைப்பது, குனியாமல் குதிகாலால் வேட்டி ஓரத்தை எற்றிக் கையில் பிடித்து மடித்துக் கட்டுவது, நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை விட்டால் பாதையில் படுத்திருக்கும் எருமை தானாக எழுந்துபோவது என்று அவரிடம் பல வித்தைகள் இருந்தன. தெருப் பையன்களெல்லாம் சேர்ந்து அவற்றைப் பழகிப் பார்த்தோம். வேட்டி எற்றுவதில் நான் இரண்டு முறை விழுந்தேன், அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த வித்தைகளும் மீசையும் ஒன்றல்ல என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நைனாவின் நைனா விஜயபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அவருக்கும் மீசை இருந்தது. ஆனால் பெரிய தெருக்காரர் யாராவது எதிரே வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மீசை நுனியை விரலால் தடவிக் கீழே இறக்கிவிட வேண்டும். அந்த ஆள் கடந்து போன பிறகும் அதை உடனே மேலே ஏற்றக் கூடாது, திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பார். சிறு வயதில் அதைக் கண்ணால் பார்த்த நைனா, லைசென்சு கையில் வந்த அன்று மீசையை மேலே ஏற்றினார். எங்கள் குடும்பத்தில் இறங்காத முதல் மீசை அது.

அந்த ஆண்டு ஆடியில் எனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. இருபத்தொரு நாள் கிடந்தேன். பிழைப்பது சந்தேகம் என்று ஒருநாள் டாக்டர் சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அம்மா என் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே மலை இருக்கும் திசைக்குத் திரும்பி, பையன் எழுந்து நடந்தால் இவன் நைனா முடி கொடுப்பார் என்று வேண்டிக்கொண்டாள். நான் எழுந்து நடந்தேன். ஐப்பசியில் பேருந்து எஞ்சின் வேலைக்காக ரேணிகுண்டா ஒர்க்ஷாப்பில் நின்றது, நைனாவுக்கு மூன்று நாள் ஓய்வு கிடைத்தது, மலைக்குக் கிளம்பினோம். வண்டி இல்லாத கண்டக்டருக்கு வேறென்ன வேலை என்று முனிரத்தினமும் உடன் வந்தார்.

பேச்சு மலையடிவாரத்தில், அலிபிரியில் படி ஏறத் தொடங்கும்போதே ஆரம்பித்துவிட்டது.

"தலைய மழிச்சிக்கறேன். அதுல ஒண்ணும் இல்ல," என்றார் நைனா.

"எல்லா முடியும்தான்யா," என்றாள் அம்மா.

"மீசையப் போய் யாராவது முடின்னு சொல்லுவாங்களா? முடின்னா முடி. மீசன்னா மீச."

"மீசையில இன்னா முளைச்சிக்கினு கீது, நெல்லா?"

முனிரத்தினத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத இரண்டு பேரும் சிரித்தார்கள். தூறல் நின்று, பனி மரங்களுக்கு நடுவே இறங்கி, எங்களுக்குப் பத்துப் படி முன்னால் போகிறவர்கள் கரைந்து போவதும் மறுபடி உருக்கொள்வதுமாக இருந்தது. ஈரக்கல்லில் மஞ்சளும் குங்குமமும் கரைந்து ஓடின. மேலேயிருந்து இறங்கி வந்த மொட்டைத் தலைகள் அந்தப் பனியில் சந்தனம் பூசிய சிறு நிலாக்களைப்போல் மிதந்து வந்தன. நான் ஒவ்வொரு தலையின் கீழும் மீசை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை. அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

மீசை இருந்தால் வேண்டுதல் பாதிதான் நிறைவேறும், பாதி நிறைவேறினால் காய்ச்சல் திரும்பி வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு மண்டபத்திலும் உட்காரும்போது புறங்கையால் கழுத்தைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். படி ஏறிய உடம்பு சூடாகத்தானே இருக்கும்? எனக்கு அது தெரியவில்லை.

பாதி மலையில் முனிரத்தினம் ஒரு வழி கண்டுபிடித்தார். "அண்ணா, வதினா எந்த பாஷையில மொக்கிக்கினாங்கன்னு கேளு. தெலுங்குலன்னா தலநீலாலு, தலமுடி. தலன்னு தெளிவா வந்துடுது இல்ல, மீச தலைக்கு கீழ கீது. தமிழ்ல முடின்னு சொல்லியிருந்தா கஷ்டம், அதுல எல்லாம் சேந்துடும்."

நைனா அங்கேயே நின்றுவிட்டார். "ஏமே, எதுல வேண்டிக்கின?"

அம்மாவும் நின்றாள். எங்கள் பக்கத்தில் ஒரே வாக்கியம் தமிழில் கிளம்பித் தெலுங்கில் போய் இறங்கும், பேசுகிறவர்களுக்கே அது தெரியாது. சந்தைக்குத் தெலுங்கு, சமையலுக்குத் தமிழ், சண்டைக்கு இரண்டும். சாமிக்கு எது என்று அவள் யோசித்ததே இல்லை. "அவருக்குத் தெலுங்குதான வரும்னு தெலுங்குலதான் பேசுவேன்," என்றாள். பிறகு, "பையன் கண்ணு சொருகிப் போச்சே, அப்ப இன்னா வாயில வந்துச்சோ, யாருக்குத் தெரியும்?" என்றாள். மலைமேல் அந்தச் சாமி தினமும் தமிழ்ப் பாசுரமும் கேட்கிறவர் என்று முனிரத்தினம் எடுத்துச் சொன்னது அவளை இன்னும் குழப்பியது. அந்த வேண்டுதலுக்குச் சாட்சி நான் ஒருவன்தான், நானோ நினைவில்லாமல் கிடந்தேன். மிச்சப் படிகளை ஏறினோம்.

முடி இறக்கும் கல்யாணகட்டாவில் தரையெல்லாம் தண்ணீரும் முடியுமாக இருந்தது. நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, எதிரே நனைந்த தலைகள் குனிந்திருந்தன. கத்தி ஓடும் சத்தம் எல்லாம் சேர்ந்து, மழை தூரத்தில் நெருங்கி வருவதுபோல் ஒரே இரைச்சலாகக் கேட்டது. நைனாவின் தலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு நாவிதர் அவருடைய முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மீசையைப் பார்த்து, கத்தியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"மீசம் கூடானா?"

மீசையும் சேர்த்தா என்று கேட்டார். மடியில் கிடந்த நைனாவின் கைகளை அம்மா பார்த்தாள். ஒரே சுழற்றில் எஞ்சினைக் கிளப்புகிற கைகள் அவை. விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"வேணாம் நாயனா," என்று அம்மா நாவிதரிடம் அவசரமாகச் சொன்னாள். "ஞாபகம் வந்துடுச்சு. தெலுங்குலதான் வேண்டிக்கினேன். தலநீலாலுதான். தலையோட சரி."

"இப்ப வந்துச்சா ஞாபகம்?" என்றார் நைனா.

"வந்துச்சு."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என் கை எப்போது கழுத்துக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. நைனா அதைப் பார்த்துவிட்டார். காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் பேசியபோதுதான் புரிந்தது.

"இன்னும் எத்தினி தபாடா தொட்டுப் பாப்ப? சுடுதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை அழாதே என்று சொல்லவில்லை. மொட்டைத் தலையிலிருந்து நீர் வழிய வழிய நிமிர்ந்து உட்கார்ந்து, மீசையின் இரண்டு நுனிகளையும் விரலால் பிடித்து மேலே ஏற்றினார். ஈரத்தில் தொய்ந்திருந்தது, நிற்கவில்லை, இன்னொரு முறை ஏற்றினார். நின்ற பிறகு நாவிதரிடம், "தீசெய்," என்றார். எடுத்துவிடு.

இரண்டே இழுப்பு. அதுவரை நான் பார்த்தறியாத ஒரு மேலுதடு, வெயில் படாமல் வெளுத்து, சின்னப் பிள்ளையின் உதடுபோல் வெளியே வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வண்டி ஒர்க்ஷாப்பிலிருந்து வெளியே வந்த அன்று நகரி நிறுத்தத்தில் பாதிப் பேர், வேறு டிரைவர் என்று நினைத்து ஏறத் தயங்கினார்கள். நானும் அன்று அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் பழைய ஊரின் பெரிய தெருக்காரர் ஒருவர் முன்படியில் ஏறி, நைனாவின் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னாடா, எறங்கிடுச்சா?" என்றார். நைனா கியரில் வைத்த கையை எடுக்கவில்லை.

"எறக்கினேன் சார். உங்களுக்கு இல்ல, மேல கீறவருக்கு."

"சார், டிக்கெட்டு?" என்றார் முனிரத்தினம், அதற்காகவே பின்னாலிருந்து முன்னால் வந்து.

மீசை தை மாதத்துக்குள் பழையபடி வளர்ந்துவிட்டது. எனக்குக் காய்ச்சலும் திரும்பவில்லை. நான் படித்து, மின்சார அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து, மேலதிகாரிகளின் கண்ணை உறுத்தாத ஒரு பேனாக்கோட்டு மீசையோடு காலத்தை ஓட்டினேன். தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தபோது என் மகன் படிப்பை முடித்து ஐதராபாத் போனான். அமெரிக்க வேலைக்கு ஆள் எடுக்கிற கன்சல்டன்சிக்காரர், முகம் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாராம். அன்று மாலையே மழித்துவிட்டு எனக்குப் போன் செய்து, இதெல்லாம் ஒரு விஷயமா நைனா என்றான். விஷயமில்லைதான். நியூஜெர்சிக்குப் போனான், வீடு வாங்கினான். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

போன மார்கழியில் அவனுடைய மகன் தருண் வந்தான். விமானத்திலிருந்து ரேணிகுண்டாவில் இறங்கினான். இருபத்துமூன்று வயதுப் பையனுக்கு மேலே முறுக்கிய மீசை. பையில் மெழுகு டப்பா. அவனுடைய நண்பர்கள் எல்லோரும் இப்படித்தானாம். மழிப்பதற்கு மடக்குக் கத்தி வாங்கி வைத்திருக்கிறானாம், வேட்டி கட்டக்கூட வீடியோ பார்த்துப் பழகியிருந்தான். குதிகாலால் ஓரத்தை எற்றி, பிசகாமல் மடித்துக் கட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த மீசையோடு விஜயபுரம் பக்கத்துப் பழைய ஊர் வரை பைக்கில் போய்வந்தான், பெரிய தெருவிலேயே டீ குடித்தானாம், அங்கே ஒருவர் அவன் மீசையோடு சேர்ந்து நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாராம். யாரைக் கண்டு அது இறங்க வேண்டுமோ அந்த ஆட்கள் போய்விட்டார்கள், கக்கத்தில் இடுக்கிய துண்டும் போய்விட்டது. போகட்டும். அவற்றுக்காக நான் வருந்த மாட்டேன். நைனா போய் முப்பது வருடமாகிறது, அம்மா போய் இருபத்தாறு. உண்மையில் எந்த மொழியில் வேண்டிக்கொண்டாள் என்று கடைசிவரை அவள் சொல்லவே இல்லை.

"தாத்தா, உங்க நைனா மீசை இப்படியா இருந்துச்சு? போட்டோ காட்டுங்க," என்றான் தருண்.

வீட்டில் இருப்பது ஒரே படம். லைசென்சைப் புதுப்பிக்க எடுத்தது, அதுவும் மலையிலிருந்து வந்த அதே வாரத்தில், மொட்டைத் தலையோடும் வெறும் உதட்டோடும். தருணுக்கு ஏமாற்றம். கம்ப்யூட்டரில் மீசை வைத்துவிடலாம் என்று ரேணிகுண்டா ரோட்டில் ஒரு ஸ்டூடியோவுக்கு என்னை அழைத்துப் போனான். அங்கிருந்த பையன் படத்தைத் திரையில் பெரிதாக்கி, "எவ்ளோ மேல தூக்கணும் தாத்தா?" என்று கேட்டான். நான் சொல்லச் சொல்ல ஏற்றினான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கடைசியில் அப்படியே வந்துவிட்டது, நகரி பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்த அதே மீசை.

"செம்ம, தாத்தா!" என்றான் தருண்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மீசைக்காரர் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் நைனாவாக இருக்கலாம். என் கழுத்தைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே மலை ஏறியவரின் முகம் அதன் அடியில் மறைந்து போயிருந்தது.

"எடுத்துடுப்பா," என்றேன். தருண் என்னைத் திரும்பிப் பார்த்தான். வைத்ததற்கு முந்நூறு, எடுத்ததற்கு இருநூறு என்றான் ஸ்டூடியோ பையன். எடுத்ததற்குமா காசு என்று சண்டை பிடித்தேன். "எடுக்கறதுதான் தாத்தா கஷ்டம்," என்றான். ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்.